பன்னிரண்டு வோல்ட் மரகதம்

சென்னியப்பனின் மனைவி மரகதம் பஸ் பாட்டரிக்குள் போய் நான்கு மாதம் ஆகிறது. இடதுபக்கப் பாட்டரியில் இருக்கிறாள். வலதுபக்கப் பாட்டரியில் வெறும் ஆசிட்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு கணக்கு வாத்தியார் போன சித்திரையில் மாவு மில் மோட்டாருக்குள் போனார். இன்றைக்கும் அந்த மில்லில் அரைத்த மாவு கொஞ்சம் கண்டிப்பாகத்தான் இருக்கிறது. ஊர் பழகிக்கொண்டது.

சென்னியப்பன் முப்பத்தொரு வருஷம் கரூர் தாராபுரம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். ரிட்டையர் ஆனதும் பழைய பஸ் ஒன்றை வாங்கினார். சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலும் அடுப்பும் அலமாரியும் வைத்தார். மரகதத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவது, பிடித்த இடத்தில் நிறுத்தித் தூங்குவது என்று ஏற்பாடு. ஊர் ஜனத்தையெல்லாம் ஏற்றி இறக்கிய மனுஷன் கட்டின மனைவியை ஒரு நாள் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. அடுத்த மாசம் பார்க்கலாம், அடுத்த மாசம் பார்க்கலாம் என்றே தலை நரைத்துவிட்டது. எல்லாம் முடிந்து வயரிங் மட்டும் பாக்கி. பாட்டரிப் பெட்டியைத் துடைக்கிறேன் என்று மரகதம் குனிந்தாள். அவ்வளவுதான்.

ஒரு பல்பை இணைத்தால் பேசுவாள். பேசப் பேசக் குறைவாள். இதைக் கண்டுபிடித்தவன் எலக்ட்ரீஷியன் தங்கராசு. கண்டுபிடித்த கையோடு கெடுத்தவனும் அந்தப் புண்ணியவான்தான். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஹாரனை இணைத்து ஓர் அமுக்கு அமுக்கினான். அந்த ஒரு சத்தத்தில் மரகதத்துக்குத் தன் அப்பா வீட்டு ஞாபகம் மொத்தமும் போய்விட்டது. பிறந்த ஊர் எதுவென்று கேட்டால், "தெரியலீங்களே" என்றாள். சென்னியப்பன் அன்றைக்கு முழுக்கச் சோறு தின்னவில்லை. தங்கராசும் தின்னவில்லை.

"இனி நானா ஒரு வயரத் தொடமாட்டேனுங்கண்ணா," என்றான் தங்கராசு. "பஸ்ஸ வீடாக்குனா வயரிங்குக்குக் கையேடு வேணும். கையேட்டு ஆபீஸுக்குப் போங்க. அம்பது வெச்சிருப்பாங்க, ஆனா ஆளுக்கு ஒண்ணுதான் தருவாங்க. பாத்து எடுங்க. எடுத்ததுதான் எடுத்தது."

மறுநாள் காலையில் பாட்டரியை மொபட்டின் முன்னால் வைத்து, வெயில் படாமல் மரகதத்தின் சுங்குடிச் சேலையால் போர்த்திக்கொண்டு போனார். ஒரு சின்ன பல்பும் இரண்டு வயரும் சட்டைப் பையில்.

கையேட்டு ஆபீஸில் வாசலிலிருந்து கவுன்டர் வரைக்கும் போகிற நடை நீளமாக இருந்தது. சென்னியப்பன் பாட்டரியைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்தால் நடை பதினோரு அடி நீண்டது. அரை மணி நேரம் நடந்து பார்த்தார். கவுன்டர் வாசலிலிருந்து பார்த்ததைவிட எட்டப் போயிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பியூன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"டிரைவருங்களா?"

"ஆமாங்க."

"அப்பறம் எதுக்கு நேரா வர்றீங்க? ரிவர்ஸ்ல வாங்க."

சென்னியப்பன் திரும்பி நின்று பின்னாலேயே நடந்தார். பியூன், "வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க, வரலாம்" என்று சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். நடை ஏமாந்துவிட்டது. "ஹோல்டான்!" என்றார் பியூன். முதுகில் கவுன்டர் இடித்தது.

கவுன்டரில் இருந்த அலுவலர் அம்மாவின் பெயர் பூங்கொடி என்று பலகையில் எழுதியிருந்தது. ஒரு படிவத்தை எடுத்து வைத்தார்.

"வீடா, வண்டியா?"

"பஸ்ஸுங்க. இப்ப வீடு."

"வாசல் எந்தத் திசை?"

"ரோடு திரும்புனா அதும் திரும்புமுங்க."

"எட்டுத் திசையும்னு போட்டுக்கறேன். எத்தன பேரு இருக்கறீங்க?"

"ரெண்டு பேருங்க."

பூங்கொடி பாட்டரியின் மேலிருந்த சேலையை விலக்கிப் பார்த்தார். வோல்ட் மீட்டரின் இரண்டு வயர் முனையையும் பாட்டரியின் இரண்டு தலையிலும் வைத்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல அக்கறையாகத்தான் பார்த்தார்.

"பன்னெண்டு புள்ளி நாலு. நல்லாத்தான் இருக்கறாங்க. உங்களுக்கு மூணு கையேடு ஒத்து வரும். கேட்டுக்கங்க."

முதலில் சிவப்பு அட்டை. விளக்கு, ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இணைப்பது எப்படி என்று அதில் இருந்தது. அப்படி இணைத்தால் மரகதம் முழுசாக வருவாள். கட்டிலில் வந்து உட்காருவாள், காப்பி போடுவாள். நாற்பத்திரண்டு நிமிஷம். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது.

அடுத்தது நீல அட்டை. ஒரே ஒரு சின்ன விளக்கு, சாயங்காலம் ஒரு நிமிஷம் மட்டும். ஒரு நாளைக்கு இரண்டு வார்த்தை பேசுவாள். இரண்டு வருஷம் தாங்கும்.

"ஆனா போகப் போக மங்கிருவாங்க," என்றார் பூங்கொடி. "கடைசி ஆறு மாசம் நீங்க யாருன்னு கேப்பாங்க. மறைச்சுச் சொல்லக் கூடாதில்லீங்களா."

மூன்றாவது கையேட்டுக்கு அட்டையே இல்லை. பலர் கை பட்டுப் பட்டுக் கிழிந்திருந்தது. எஞ்சின் ஓடும்போது பாட்டரி தானாக ஏறுகிற மாதிரி வயர் இழுப்பது அது. எத்தனை காலமானாலும் தீராது.

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. "இதுதாங்க. இதையே குடுத்துருங்க!"

"இருங்கண்ணா. பேசுவாங்க, சமைப்பாங்க, சண்டகூடப் போடுவாங்க. ஆனா அது எஞ்சினு கரண்டு. அவங்க இல்ல."

"அப்பறம் ஏனுங்க இத இத்தன பேரு எடுத்திருக்கறாங்க?"

"முக்காவாசிப் பேரு இதத்தான் எடுக்கறாங்க. வித்தியாசம் தெரியறதில்லைங்கறாங்க."

சென்னியப்பன் அந்தக் கையேட்டை மெதுவாகத் தள்ளி வைத்தார். அவருக்குத் தெரியும். மரகதம் ரசத்துக்குப் பூண்டு தட்டுகிற சத்தத்தை வைத்தே அவள் கோபம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

"ஒண்ணையும் எடுக்காம, எதையும் மாட்டாம, அப்படியே பத்திரமா வெச்சுக்கறனுங்களே?"

"சும்மா வெச்சாலும் பாட்டரி எறங்குமுங்க," என்றார் பூங்கொடி. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எலிக்குப் பொறி எந்தப் பக்கம் வைத்தாலும் பொறிதானே. சென்னியப்பனுக்கு எதை எடுக்கவும் கை வரவில்லை. அவளையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு கேள்வி, சட்டென்று கேட்டுவிட்டுச் சட்டென்று கழற்றிவிடுவது. பல்பின் வயர்களை இரண்டு தலையிலும் வைத்துப் பிடித்தார். வெளிச்சம் வந்தது.

"ஏனுங்க," என்றாள் மரகதம். "சட்ட ஏன் கசங்கியிருக்குது?"

"அத விடு. மூணு கையேடு இருக்குது மரகதம்." மூன்றையும் மளமளவென்று சொன்னார். "எத எடுக்கட்டும்?"

"உங்களுக்கு எது சுலபமோ அத எடுங்க."

கழற்றியிருக்கலாம். பதில் வந்துவிட்டது. ஆனால் சென்னியப்பன் கழற்றவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் இதையேதான் சொல்லியிருக்கிறாள். அவரும் சுலபமானதையே எடுத்திருக்கிறார். பாவி மனுஷன்!

"எனக்கு இல்ல," என்றார். "உனக்கு என்ன வேணும்? அதச் சொல்லு."

"எனக்குங்களா?"

பல்பு ஒரு கணம் துள்ளி எரிந்தது. யோசிக்கிறாள்.

"பன்னெண்டு," என்றார் பூங்கொடி மீட்டரைப் பார்த்து.

"ஒரு ஃபேனு இருந்தா நல்லாருக்கும்," என்றாள் மரகதம். "வேண்டாம், உங்களுக்குச் சளி புடிச்சுக்கும். ஜன்னலுக்கிட்ட ஒரு வெளக்கு... அதுவும் வேண்டாம், வண்டி ஓட்டறப்ப உங்க கண்ணுக்குக் கூசும்."

"என்னைய விட்டுட்டுச் சொல்லு மரகதம்."

"உங்கள விட்டுட்டா?"

அவளுக்கு அது எப்படி என்று பிடிபடவில்லை. பல்பு மஞ்சளானது.

"பதினொண்ணரை. அண்ணா, கழட்டுங்க. இதுக்குக் கீழ போனா ஒரு கையேடும் ஒத்து வராது."

"பேசிட்டு இருக்கறாளுங்க. நடுவுல எப்படிக் கழட்டறது?" சென்னியப்பன் வயர்களை இறுக்கிப் பிடித்தார். "முப்பத்தொரு வருஷமா நடுவுலதானுங்க எந்திரிச்சுப் போயிருக்கறேன். அவ வாயெடுத்தாப் போதும், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிருவேன். ஒரு பேச்சையாவது கடைசி வரைக்கும் கேட்டனா?"

"இருங்க," என்றாள் மரகதம். குரல் வெகு தூரத்திலிருந்து வந்தது. "எனக்குன்னு ஒண்ணு இருந்துச்சுங்க. ரொம்ப நாளா இருந்துச்சு. நெஞ்சுக்குள்ள இருக்குது, வாய்க்கு வர மாட்டேங்குது. கொஞ்சம் இருங்க."

"இருக்கறேன்," என்றார்.

பல்பின் இழை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை. பூங்கொடி மீட்டரை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார். படிவத்தில் ஒரே ஒரு கட்டம் நிரப்பாமல் இருந்தது.

"அண்ணா, எந்தக் கையேடுன்னு எழுதட்டுமுங்க?"

"அவ இன்னும் சொல்லலீங்க. யோசிச்சுட்டு இருக்கறா."

பூங்கொடி பாட்டரியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கட்டத்தில் 'யோசனையில் உள்ளது' என்று எழுதி முத்திரை குத்தினார். எழுந்து வந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, நின்றபடியே அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

சென்னியப்பன் வயர்களை விடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அவசரமில்ல மரகதம்," என்றார். "பொறுமையாச் சொல்லு. எனக்கு இன்னைக்கு டூட்டி இல்ல."