டாக்டரிடம் கேட்ட கைநாட்டு

என் மகன் ஞானசிங் பெயரில் வந்த கடிதத்தை ஞானசிங் எழுதவில்லை. பார்த்ததுமே எனக்கு அப்படித்தான் பட்டது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். கடிதம் வாசிக்க வராது. ஆனால் மூன்று வருஷமாக மாசம் தவறாமல் வந்த மகனுடைய எழுத்தின் கோலம் தெரியும். நாற்று நட்ட மாதிரி நேராக நிற்கும். இது காற்றடித்த வாழைத்தோட்டம் மாதிரி சாய்ந்து கிடந்தது.

டாக்டருக்குப் படித்தவன் அதோடு நிற்காமல் சீமைக்குப் போனான். காரணம் என் மகள் லீலாபாய். பிள்ளை பெற்ற ஆறாம் நாள் காய்ச்சலில் போனாள். அந்தக் காய்ச்சலின் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, முயலுக்குக் குத்தி, அது சாகிறதைப் பார்த்து எழுதுவதுதான் அங்கே அவன் படிப்பு. மாடியில் ஒரு அறை, கரிப்புகை, கோட்டைப் போட்டுக்கொண்டே தூக்கம், மூன்று நேரமும் உருளைக்கிழங்கு. அங்கத்து வேதக்கோயிலில், கறுப்பன் என்று, அவன் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லையாம். எல்லாம் எழுதுவான். கிருமி கையில் பட்டால் என்ன ஆகும் என்று மட்டும் எழுதினதில்லை.

கடிதங்களை எங்களுக்கு வாசித்துத் தருகிறவர் இஸ்ரவேல் வாத்தியார். அவரிடம் கொண்டு போனேன். சுகமாக இருக்கிறேன் என்று நாலு வரிதான் இருந்தது.

"வாத்தியாரே, இது எனக்க மகன் எழுதினதில்ல."

"என்னத்த ஓய் சொல்லுதீரு? அடியில பேரு இருக்கே."

"பேரு எவனும் எழுதுவான்."

"அங்க குளிரு. வெரலு வெறச்சிருக்கும்."

"மூணு வருசமா இல்லாத குளிரா?"

வாத்தியார் பழைய கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு இன்னொரு தரம் பார்த்தார். அந்த இரண்டாம் பார்வைதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. பையன் செத்துப்போயிருப்பான், ஒரேயடியாகச் சொன்னால் தாங்கமாட்டார்கள் என்று கூடப் படிக்கிற சேக்காளி யாரோ எழுதிப்போடுகிறான். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

"பதில் எழுதும். பத்து வெரலையும் மையில முக்கித் தாளுல வச்சு அனுப்பச் சொல்லும்."

"டாக்டரிட்ட கைநாட்டா? ஊரு சிரிக்கும் ஓய்!"

"சிரிக்கட்டு. இடத்தக்கைப் பெருவெரல்ல பனமட்டைக் கருக்கு வெட்டின தழும்பு குறுக்க கிடக்கும். அத எந்தச் சேக்காளியும் எழுத முடியாது."

கப்பல் போக மூன்று வாரம், வர மூன்று வாரம். மனைவி தேவகனியிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, தூரதேசத்தில் இருக்கிறவர்களுக்காகப் போதகர் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடவில்லை. யார் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள் என்று பார்த்தேன். தபால்காரன் வருகிற நேரம் வாய் உலர்ந்துபோகும். அவன் வராத நாள் சோறு இறங்கும்.

வந்தது. வாத்தியார் வீட்டில் வைத்துப் பிரித்தோம். தாளில் ஐந்து கறுப்புப் பொட்டு. பெருவிரலில் தழும்பு குறுக்கே கிடந்தது. "எனக்க மகன்தான்!" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் வலது பக்கத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. வெள்ளைத்தாள்.

வாத்தியார் குரலை இறக்கி வாசித்தார். "அப்பா, குப்பி உடைந்து வலது கையில் சின்னதாகக் கீறியது. மூன்றாம் நாள் முழங்கை வரை வீங்கிவிட்டது. உயிர் வேண்டுமானால் கை போகட்டும் என்று எடுத்துவிட்டார்கள். இடது கையால் எழுதப் பழகினேன். கண் இருக்கிறது, பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். திரும்ப அதே வேலைக்குத்தான் போகிறேன். அம்மாவிடம் நான் வந்து சொல்லுகிறேன்."

"வேண்டாம், வந்திரச் சொல்லி எழுதும்," என்றேன்.

எழுதினார். அவன் கேட்கமாட்டான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் குப்பிகளுக்குப் பக்கத்தில் இனி ஒரு கைதான்.

தேவகனி முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தாளை மடியில் ஒளித்திருந்தேன்; உட்காரும்போது நழுவி விழுந்துவிட்டது. அவள் எடுத்தாள்.

"இது என்னது?"

"ஞானசிங்குக்க கை. சொகமா இருக்கான்."

எழுத்து ஒன்றும் தெரியாதவள் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தடவினாள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். திரும்பவும் முன்பக்கம் பார்த்தாள்.

"மத்தக் கை எங்க?"