மாடி அடுப்பு

வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு திறந்தார். அந்தச் சிரிப்பு மதிப்பீட்டாளருக்குப் பிடிக்கவில்லை. சொத்துவரிக்கு வீட்டை அளக்க வருகிறவனை வாசலிலேயே சிரித்து வரவேற்கிறவர்கள் இரண்டு வகை. ஒளிக்க எதுவும் இல்லாதவர்கள், இல்லையென்றால் ஒளித்து முடித்துவிட்டவர்கள்.

வீட்டுக்காரருடைய மனுவில் குழப்பம் ஏதுமில்லை. கீழ்வீட்டில் இறந்துபோன தம்பியின் மனைவி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு இருக்கிறாள். மாடியில் அவரும் அவர் மனைவியும். இரண்டும் தனித்தனிக் குடித்தனம், ஆகவே மாடிக்குத் தனிக் கதவு எண் வேண்டும். அப்படி ஒரு எண் விழுந்துவிட்டால் கீழே இருப்பவளின் கையெழுத்து இல்லாமலே மாடியை விற்றுவிடலாம். மனுவில் இல்லாத மிச்சத்தைத் தெருமுனையில் துணி தேய்ப்பவர் சொல்லியிருந்தார். வாங்க ஆள் தயார், பெயின்ட் வியாபாரி, பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் தின்னர் டின்களை அடுக்க இடம் தேடுகிறாராம். ஒரு பெண்ணும் குழந்தையும் தூங்கும் அறைக்கு நேர் மேலே.

ஒரு வீடா இரண்டு வீடா என்று தீர்மானிக்க அலுவலகத்தில் பழைய விதி ஒன்று உண்டு. அறைகள் எத்தனை என்பது பொருட்டில்லை. அடுப்பு எங்கே தனியாக எரிகிறதோ அங்கே தனி வீடு.

மாடிச் சமையலறையில் குறை சொல்ல எதுவும் இல்லை. மேடை, சிலிண்டர், இரட்டை அடுப்பு, ஆணியில் தொங்கும் தோசைத் திருப்பி. மதிப்பீட்டாளர் டேப்பை நீட்டி மேடையை அளந்தார். அப்படியே அடுப்புக்கு மேலே சுவரில் விரலை ஓட்டினார். பிசுக்கு இருந்தது. ஆனால் சமையல் பிசுக்கு தூசியைப் பிடித்து, பழுத்து, விரலோடு வருவதற்கு அடம் பிடிக்கும். இது வழுக்கிக்கொண்டு வந்தது. வியர்வை துடைப்பவர் போல விரலை முகத்தருகே கொண்டுபோனார். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் வாசனை.

வீட்டுக்காரரின் தலையும் அதே வாசனையோடு பளபளத்துக்கொண்டிருந்தது. சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. மோப்பத்தை அறிக்கையில் எழுத முடியாது. மேல்முறையீட்டில் ஒரே இழுப்பில் கிழித்துவிடுவார்கள்.

மதிப்பீட்டாளர் பேசாமல் நின்றார். அலுவலகத்தில் அவருக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர். சும்மா நின்றால் எதிரே இருப்பவர் பேசிவிடுவார் என்பது அவருடைய அனுபவம். வீட்டுக்காரரும் பேசினார். கீழே இருப்பவளுக்கும் தங்களுக்கும் போக்குவரத்தே இல்லை, அவள் உலை வேறு, தங்கள் உலை வேறு, இரண்டு வருஷமாக இப்படித்தான் என்றார். வாசலோரம் நின்ற மனைவியைப் பார்த்து, "சொல்லேன்" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அளவு முடிந்ததும் மதிப்பீட்டாளர், எல்லா வீட்டிலும் கேட்பதைப் போல, குடிக்க ஒரு டம்ளர் சுடுதண்ணீர் கேட்டார். வேறு எதையும் அவர் எங்கும் தொடுவதில்லை. "நம்மாளு வாங்குற லஞ்சமெல்லாம் ஆவியாப் போயிடும்" என்று பில் கலெக்டர் கேலி பேசுவார். ஒரு பெண் தன் சமையலறையில் தண்ணீர் சுட வைப்பதைப் பார்த்தாலே போதும் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொந்த அடுப்பென்றால் கை தேடாது.

அவள் கை தேடவில்லை. தயாராக இருந்தாள். லைட்டர் வலப்பக்கம், பாத்திரம் இடப்பக்கம். ஒரே சொடுக்கில் நீலத் தீ எழும்பியது. வீட்டுக்காரர் மூச்சை விட்டது கேட்டது.

மதிப்பீட்டாளர் பேனா மூடியைக் கழற்றினார். அடுப்பு எரிகிறது, தண்ணீர் சுடுகிறது. தலையெண்ணெய் வாசனைக்கு இனி மதிப்பில்லை. மாடி, தனிச் சமையல் என்றுதான் எழுதியாக வேண்டும். எழுதினால் அடுத்த வாரம் தின்னர் டின்கள் படியேறும்.

அவர் எழுதத் தாமதித்தார். பாத்திரத்தின் அடியில் குமிழிகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்குள் யாரோ இருப்பதைப் போல. கீழே ஒரு கரண்டி பாத்திரத்தில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் தலை தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

தண்ணீர் கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்தாள்.

"என்னடி?" என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

அவள் அவரைத் தாண்டிப் போய் மாடிப்படியின் தலையில் நின்று கீழே குனிந்தாள். "ஏய், ஆபீசர் ஐயாவுக்கு ஒரு டம்ளர் தண்ணி சுட வச்சுக் கொண்டா."

கீழே கரண்டிச் சத்தம் நின்றது. வாயைத் திறக்கக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு உத்தரவு போடப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் கை படிக்கட்டின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. மதிப்பீட்டாளர் அந்தக் கையை மட்டுமே பார்த்தார்.

"சரிக்கா." குரல் பிசிறியது. அப்புறம், பழக்கதோஷத்தில், "ராத்திரிக்கும் நாலு பேருக்குத்தானே ஆக்கணும்?"

"நாலு பேருக்குத்தான். என்னிக்கு மாறிச்சு?"

கீழ்வீட்டுக்காரி தண்ணீரோடு ஏறி வந்தாள். ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மதிப்பீட்டாளர் நின்றபடியே குடித்தார். நாக்கு சுட்டது. அடுப்பு ஒன்று, கீழ்த்தளத்தில். முழுவதும் ஒரே வீடு என்று எழுதி, வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "குடும்ப விஷயத்துல தலையிட்டுட்டீங்க" என்றார். அந்தச் சிரிப்பு இப்போது எங்கேயும் இல்லை.

"அடுப்பைத்தாங்க எழுதினேன்."

படியிறங்கியதும் மதிப்பீட்டாளருக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் கேட்டருகே குனிந்து, டேப்பின் நுனியை ஒரு கல்லால் அழுத்தி, ஏற்கெனவே அளந்த சுற்றுச்சுவரை மறுபடி அளக்க ஆரம்பித்தார். காது மாடியில் இருந்தது. ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதி அவருக்குத் தெரிந்த அமைதிகளில் எந்த வகையிலும் சேரவில்லை. மேலே ஏறிப் போக அவருக்கு எந்த விதியும் இடம் கொடுக்கவில்லை. சுவரை இன்னொரு தடவை அளந்தார்.

வீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவரைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். சற்றுப் பொறுத்து மாடிக்காரி வந்தாள். இடுப்பில் நெளிந்துபோன பாத்திரம், மற்றக் கையில் தோசைத் திருப்பி. கீழ்வீட்டு வாசலில் நின்றாள்.

"இன்னும் என்ன அளக்கறீங்க?"

"சுவரு."

"அது எங்க போயிடப் போகுது?" என்றாள். தெருவைப் பார்த்தாள். "சாயங்காலம் திரும்பி வருவாரு. வரட்டும். பசிச்சா கீழதான் வந்தாகணும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மதிப்பீட்டாளர் கல்லை எடுத்தார். டேப் சுருண்டுகொண்டு கைக்குள் வந்தது.