சந்தனம் பூசிய துப்பாக்கிகள்

வெப்ளியா, பிரௌனிங்கா? இந்த இரண்டு பெயர்களையும் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன வருஷம் அது. என் வீட்டுக்காரர் ஆஞ்சப்பன் பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவர். பர்மா வரைக்கும் போய் வந்தவர். அவருடைய கூட்டாளி திம்மராயன் அதே பட்டாளத்தில் குறி பார்த்துச் சுட்டவர். சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு இரண்டு பேரும் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில், ஒரு குடகுக்கார மேஜரின் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்த மேஜரிடம் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, உருளை சுற்றும் வெப்ளி ரிவால்வர். இன்னொன்று, கைப்பிடிக்குள்ளே குண்டுகளை அடுக்கி வைக்கும் பிரௌனிங் பிஸ்டல். போதாதா இவர்களுக்கு?

"வெப்ளின்னா எருமை மாதிரிப்பா. சேத்துல போட்டு எடுத்தாலும் வேலை செய்யும். ஒரு குண்டு வெடிக்கலையா, மறுபடி விசையை இழு, அடுத்தது தானா வந்து நிக்கும்" என்பார் இவர்.

"ஆறு குண்டு தீந்ததும் என்னா பண்ணுவ? கல்லெடுத்து அடிப்பியா? பிரௌனிங்ல பதிமூணு இருக்குது!" என்பார் திம்மராயன்.

"பதிமூணையும் அடைச்சே வெச்சிருந்தா ஸ்பிரிங் செத்துப்போவும். மணல் பூந்தா மாட்டிக்கும். தினம் கழட்டித் தொடைக்கணும், எண்ணெய் விடணும், அதுவும் அளவா விடணும். உன் சோம்பேறித்தனத்துக்கு அது ஆவாது."

"அப்போ உன் வெப்ளியைத் தொடைக்கவே வேணாமா? அது என்னா சாமி சிலையா?"

இப்படியே போகும். களி ஆறிப்போகும், குழம்பில் ஆடை கட்டும். திம்மராயன் பெண்டாட்டி காவேரி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை என்பது இவர்களுக்காகவே சொன்னதுதான் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். எங்கள் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒரு வாய் பேச்சு கிடையாது.

அப்போதுதான் அந்த வீடு வந்தது.

ராத்திரியில் மாடுகளை ஓட்டிக்கொண்டு தளி வழியாக ஆனேக்கல் பக்கம் போய்விடுகிற கூட்டம் ஒன்று அந்த வருஷம் கிளம்பியிருந்தது. எல்லையைத் தாண்டிவிட்டால் அது மைசூர் ராஜ்யம்; நம் போலீஸ் இந்தப் பக்கமே நின்றுவிடும். அதனால் மேஜர் தோட்டத்து வாசலில் ஒரு ஓட்டு வீடு கட்டினார். துப்பாக்கியோடு ஒரு காவல்காரன், குடும்பத்தோடு அதில் குடியிருக்க வேண்டும். காவல்காரன் பெயரில் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் ஓசூர் சப் கலெக்டர் ஆபீசில் அனுமதி கொடுத்தார்கள். "ஆயுத பூஜைக்கு மறுநாள் ரெண்டு பேரும் சுட்டுக் காட்டுங்கப்பா. எந்தத் துப்பாக்கி நல்லா வேலை செய்யுதோ, அதை வெச்சிருக்கிறவனுக்கு வீடு" என்று மேஜர் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நான் பாதி நேரம் கனவிலேயே இருந்தேன். ராகிக் கொல்லையில் களை எடுப்பேன். கை மட்டும் அங்கே இருக்கும், நான் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பேன். அடுப்பைத் தெற்குப் பக்கம் போட்டேன். ஜன்னலோரம் பாயை விரித்தேன். மழை பெய்தது, ஓட்டின் மேல் பெய்து, ஓட்டோடு ஓடி, வெளியே போனது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. "ஏ சம்பங்கி, களைன்னு ராகியைப் புடுங்கறியே!" என்று பக்கத்து வரிசைக்காரி கத்திய பிறகுதான் கொல்லைக்குத் திரும்புவேன். ஓசூர்ப் பக்கத்துப் பனி இருக்கிறதே, அது இந்த மாதிரிக் கனவுக்கென்றே இறங்கும். காலையில் வரப்பு தெரியாது, மாடு தெரியாது, மணிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். அதற்குள் அந்த ஓட்டு வீடு மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆயுத பூஜையன்று மேஜர் வீட்டுக் கூடத்தில் ஏர், கடப்பாரை, பம்பு செட்டின் ஸ்பானர்கள், ரேடியோப் பெட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் பட்டுத்துணி விரித்து இரண்டு துப்பாக்கிகள். தோட்டத்து வழக்கப்படி, எந்த ஆயுதத்தை எவன் எடுக்கிறானோ அவன் வீட்டுப் பெண்தான் அதற்குப் பொட்டு வைக்க வேண்டும். காவேரி பிரௌனிங்குக்குச் சந்தனம் வைத்தாள். நான் சும்மா இருப்பேனா? வெப்ளிக்கு அவளைவிடப் பெரிதாக வைத்தேன். அவள் பார்த்தாள், திரும்பி வந்து மேலும் இரண்டு இடத்தில் அப்பினாள். நான் உருளையைச் சுற்றி வரிசையாக வைத்தேன். சந்தனமும் குங்குமமும் குழைந்து வழிய, இரண்டும் கல்யாணப் பெண்கள் மாதிரி இருந்தன. எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். ரேடியோப் பெட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது. மறுநாள் அப்படியே எடுத்து ஒரு வேலையாவது செய்ய வேண்டும். வைத்த பொட்டை அழித்துவிட்டு எடுப்பவன் உண்டா? ஏர்க்காரனும் அழிக்கவில்லை, பம்பு செட்டுக்காரனும் அழிக்கவில்லை. வருஷம் பூராவும் துடைக்கணும் துடைக்கணும் என்று மண்டையை உடைத்துக்கொண்ட இந்த இரண்டு மகாராஜாக்களும் அழிக்கவில்லை. இரவெல்லாம் காய்ந்து மண்ணாங்கட்டியாக இறுகியிருந்த சந்தனத்தோடு துப்பாக்கிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, குண்டுகளைப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

பனி இன்னும் விலகவில்லை. தூரத்து ஏரிக்கரை மேல் பூசணிக்காய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். கரை தெரியாததால் அவை ஆகாயத்தில் மிதப்பதுபோல் இருந்தன. பேச்சுக்கூட மெதுவாகத்தான் வந்தது. நான் மூட்டை முடிச்சோடு மனசுக்குள் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் திம்மராயன். டப்பென்று ஒரு சத்தம். ஒரு பூசணிக்காய் இல்லாமல் போனது. அடுத்தது சுடவில்லை. பிரௌனிங்கின் மேல்தகடு பின்னால் போனது, பாதி வழியில் நின்றுவிட்டது. உதறினார். உள்ளங்கையால் தட்டினார். உள்ளே புது குண்டு ஒன்று பாதி நுழைந்து நிற்கிறது. மனுஷன் அவமானத்தில் புத்தி கெட்டு, குழாய் வாயைத் தன் பக்கம் திருப்பி உள்ளே எட்டிப் பார்த்தார். விரல் விசையில் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஓடியதை நான் பார்க்கவில்லை. அவர் திம்மராயன் மணிக்கட்டைப் பிடித்துத் தரைப்பக்கம் அமுக்கியதைத்தான் பார்த்தேன். அதே நேரம் தகடு சடக்கென்று முன்னால் வந்தது. வெடித்தது. இருவர் காலுக்கும் நடுவில் மண் தெறித்தது. காவேரி "அய்யோ என் சாமி!" என்று உட்கார்ந்துவிட்டாள்.

இவர் ஒன்றுமே நடக்காததுபோல் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்தார். குண்டுக் கூட்டை உருவினார், தகட்டைக் கழற்றினார், ஸ்பிரிங்கை எடுத்து வைத்தார். காய்ந்த சந்தனத்தை ஈர்க்குச்சியால் சுரண்டினார். துடைத்தார், எண்ணெய் ஒரு துளி விட்டார், மாட்டினார். திம்மராயன் கையில் கொடுத்தார்.

"சுடுப்பா இப்போ."

அது சுட்டது. ஒன்று மாற்றி ஒன்று, தடையே இல்லாமல் பூசணிக்காய்கள் எல்லாம் போயின. வீட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாரே இந்த மனுஷன்! ஆசை இருக்குது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்குது கழுதை மேய்க்க!

மேஜர் கிட்டே வந்தார். அவருக்குக் கன்னடமும் தமிழும் கலந்துதான் வரும். "சாக்கு திம்மா, போதும். ஆஞ்சப்பா, நீயும் உன்னோடதைத் தொடைச்சுட்டு ஆறு குண்டு சுடு. ஆறும் வெடிச்சா வீடு உனக்குத்தான். என் தோட்டத்துல ஒருத்தன் உயிரைக் காப்பாத்தியிருக்கே" என்றார்.

புதுப் பூசணிக்காய்களைக் கொண்டுபோய் வைத்தார்கள். என் வீடு திரும்பி வந்துவிட்டது. இன்னும் ஆறு சத்தம்தான். அடுப்பைப் பற்றவைக்க வேண்டியதுதான். இவர் வெப்ளியை மடக்கித் திறந்து, துடைத்து, குண்டுகளைப் போட்டு மூடினார். கையைத் தூக்கினார். குழாயின் நுனி காற்றில் வாழையிலை ஆடுவதுபோல் ஆடியது. இறக்கினார். மறுபடி தூக்கினார். மறுபடி ஆடியது.

நான் கிட்டே போனேன். "என்னாய்யா ஆச்சு?"

"பர்மாவுல ஒரு பையன். இப்பிடித்தான் எட்டிப் பாத்தான், சம்பங்கி. அன்னிக்கு நான் ஓடி வர்றதுக்குள்ள..." என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை. எருமை, ஸ்பிரிங், எண்ணெய் என்று ஊர்ப்பட்டது பேசினாரே, இதை ஒருநாளும் பேசியதில்லை. முகம் முழுக்க வேர்த்திருந்தது. "சுட்டுடறேன். உனக்கு அந்த வீடு வேணுமில்ல? கொஞ்சம் இரு, சுட்டுடறேன்" என்று மூன்றாம் தடவையாகத் தூக்கினார்.

எனக்கு அந்த வீடு வேண்டும். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷமும் வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அவர் எனக்காகத் தூக்கிய கை அது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வேணாங்க தொரை" என்றேன், மேஜரைப் பார்த்து. என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "அந்த வீட்டை அவங்களுக்கே குடுத்துடுங்க. எங்களுக்கு எங்க கூரை போதும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். மேஜர் வந்து வெப்ளியை வாங்கிக்கொண்டார்.

வரப்பு வழியாக வீட்டுக்கு நடந்தோம். பனிக்குள் முன்னால் எதுவும் தெரியவில்லை. அவர் கை இன்னும் என் கைக்குள்ளேயே இருந்தது.

"கோவமா?" என்றார்.

"ஆமா, கோவந்தான். பேசாம நட" என்றேன். கையை மட்டும் விடவில்லை.