சென்னப்பனின் சுளுக்கு

மகாராஜாவின் தசரா ஊர்வலம் முடிந்த மறுவாரம் பெங்களூரில் கூடைப்பந்துப் பந்தயம். அதற்குப் போகும் டீமின் பட்டியலைக் காலேஜ் நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும், ஆளுக்கு ஒரு வரி விவரத்தோடு. எழுதும் வேலை சென்னப்பன் தலையில் விழுந்தது. கௌதள்ளியிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்தவன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூடையில் பந்து போடவும் அவனை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. இரண்டு வருஷம் ரிசர்வில் உட்கார்ந்து பெஞ்சைத் தேய்த்தவன், இந்த வருஷம் முதல் ஐந்து பேரில் ஒருவன் என்று அப்பாவுக்குக் கடிதமே போட்டுவிட்டான். பிறகென்ன, கரும்பு தின்னக் கூலியா வேண்டும்?

ரங்குவுக்கு, "சின்ன உருவம், பெரிய வேகம்." கேப்டன் செலுவநாராயணனுக்கு, "டீமின் முதுகெலும்பு." முதுகெலும்பாவது! பாதி ஆட்டத்திலேயே அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்கும். இருந்தாலும் எழுதினான். தன் பெயருக்கு நேரே மட்டும் கூச்சப்பட்டு இடம் விட்டிருந்தான்.

செலுவநாராயணன் வந்து காகிதத்தைப் பார்த்தான். "பேஷ்! என்னைப் பத்தி நன்னா எழுதியிருக்கே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "சென்னப்பா, பெங்களூர்ல எங்க அத்தை ஆத்துலதான் தங்கறோம். அத்தை ரொம்ப ஆசாரம். எங்க பந்தியில உன்னை உக்கார விடமாட்டா. கொல்லையில தனியா எலை போடுவா. உனக்குத்தானேடா அவமானம்?"

"நான் ஓட்டல்ல சாப்பிட்டுக்கறனுங்க. சத்தரத்துல படுத்துக்கறனுங்க."

"டீம்னா ஒண்ணா இருந்து ஒண்ணா சாப்பிடணும்டா. ஒத்துமைதான் முக்கியம்னு டிரில் சாரே சொல்லிட்டார். கால் சுளுக்குன்னு எழுதிடு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

ஒற்றுமையாம், ஒற்றுமை! மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட, இவனுக்குக் கால் சுளுக்க வேண்டுமாம்.

அடுத்த வருஷம் ஏது? இதுதான் சென்னப்பனுக்குக் கடைசி வருஷம். அது செலுவநாராயணனுக்கும் தெரியும். காகிதத்தைக் கிழித்து அவன் மூஞ்சியில் எறிந்திருப்பான். ஆனால் மாட்டேன் என்றால் சார் வேறு காரணம் எழுதுவார். ஒழுக்கம் சரியில்லை என்று எழுதிவிட்டால் அப்பாவிடம் என்னவென்று சொல்வது? அதே முத்து முத்தான கையெழுத்தில் எழுதினான்: "சென்னப்பன். கணுக்கால் சுளுக்கு. ஆட மாட்டார்."

மறுநாள் சாயங்காலம் மைதானத்து ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். ரங்கு தவறவிட்ட பந்து உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது. கை சும்மா இருக்குமா? எடுத்து, நின்ற இடத்திலிருந்தே எறிந்தான். வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் "பலே!" என்று கத்தினார்கள்.

செலுவநாராயணன் ஓடி வந்தான். நாலு அடி ஓடியதற்கே மூச்சு இரைத்தது. "டேய், எல்லாரும் போர்டைப் படிச்சிருக்கா. போறச்சே கொஞ்சம் நொண்டிண்டு போடா."

சென்னப்பன் நொண்டினான். கேட்டைத் தாண்டி, யாரும் பார்க்காத தெருவுக்கு வந்த பிறகும் அவனுக்கு நேராக நடக்க வரவில்லை.