என் பெயருக்குப் பக்கத்தில்

நான் வேலைக்குச் சேர்ந்தால் அந்தத் தொழிலே படுத்துவிடும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானாகச் சொல்லவில்லை. நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு ஊரே சொல்கிறது. கொஞ்சம் மிகைதான். ஆனால் வரிசையாக யோசித்துப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

பதினைந்து வயதில் ஹெர்ரிங் மீனுக்கு உப்புப் போடப் போனேன். ஐஸ்லாந்தின் வடகரையில் அப்போது அந்த மீன்தான் எல்லாம். படகு வந்தால் சங்கு ஊதுவார்கள். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாலும் அப்படியே ஓடவேண்டும். வெட்டு, உப்பு, பீப்பாய். வெட்டு, உப்பு, பீப்பாய். ஊரிலேயே வேகமான கை என்று நான் பெயர் வாங்கிய வருஷம் ஹெர்ரிங் காணாமல் போயிற்று. குறைந்தது என்று சொல்லவில்லை, ஒரேயடியாகக் காணோம். அதிகமாகப் பிடித்துவிட்டோம், கடல் குளிர்ந்துவிட்டது என்று படித்தவர்கள் ஏதேதோ காரணம் சொன்னார்கள். அப்போது என்னை யாரும் சந்தேகப்படவில்லை.

அடுத்தது டெலிபோன் நிலையம். நகரத்துக்குள் தானாகவே இணைப்புக் கிடைக்கும் காலம் வந்துவிட்டது; எங்கள் பக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு பெண் உட்கார்ந்து கையால் இணைப்புக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண் நான். ஒட்டுக்கேட்பேன் என்று சொல்வார்கள், அது அபாண்டம். இணைப்பு சரியாக விழுந்ததா என்று சோதித்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். சில இணைப்புகளை இருபது நிமிஷம் சோதிக்க வேண்டியிருக்கும்.

என் கணவன் இந்த்ரிதி கூட்டுறவுக் கடையில் இருந்தான். நான் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில், என் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருக்கும்போது, தினமும் யாருக்கோ போன் போட்டிருக்கிறான். ஒருநாள் அந்த மாற்றுப் பெண்ணுக்குப் பல்வலி. நானே உட்கார்ந்திருந்தேன். "இருபத்திநாலு குடும்மா," என்றான். கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சோதித்துப் பார்த்தேன். எனக்கு எட்டு வருஷமாகச் சொல்லாத வார்த்தைகளை எல்லாம் இருபத்திநாலாம் எண்ணுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

விதிப்படி குறுக்கிட்டேன். "மூணு நிமிஷம் ஆச்சு. இன்னும் பேசணுமா, இல்ல வீட்டுக்கு வந்து பேசுறியா?"

அவன் வீட்டுக்கு வரவில்லை. இருபத்திநாலாம் எண்ணோடு தெற்கே ரெய்க்யாவிக் போய்விட்டான். அதே இலையுதிர்காலத்தில் எங்களுக்கும் தானியங்கி இயந்திரம் வந்து, நிலையத்தை மூடினார்கள். அதற்குப் பிறகு ஊர்க் கணவன்மார்கள் என் உதவி இல்லாமலேயே துரோகம் செய்துகொள்ள முடிந்தது.

எங்கள் மகள் ஸ்வாவாவுக்கு அப்போது ஏழு வயது. எனக்கு வேலை போயிற்று. நிலையத்து மாடியில் இருந்த வீடும் அதோடு போயிற்று. "நிலைகொண்டதும் வந்து கூட்டிக்கிறேன்" என்று சொல்லி அவளை அப்பாவிடம் அனுப்பினேன். பள்ளிக்கூட வருஷம் முடியும்வரைக்கும் என்றுதான் சொன்னேன். இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

மீன்பிடிக் கப்பலில் சமையற்காரியாகப் போனேன், கப்பலை விற்றுவிட்டார்கள். பஸ் ஓட்டினேன்; அந்த வழித்தடத்தையே ரத்து செய்தார்கள். பிறகு கிஸ்லி என்று ஒருவன் வந்தான். நரி வளர்த்தால் அதன் ரோமத்துக்காக உலகமே நம் வாசலில் நிற்கும் என்றான். நரி வாங்கினோம். உலகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கிஸ்லி லாரியை எடுத்துக்கொண்டு, நார்வேயில் வேலை பார்த்துவிட்டு வருவதாகப் போனான். என்னிடம் முப்பத்தெட்டு நரிகளை விட்டுவிட்டுப் போனான். கிஸ்லி, நரிகள் இரண்டில் கிஸ்லியைத்தான் முதலில் மறந்தேன். நரிகளின் நாற்றம் மூக்கில் ரொம்ப நாள் இருந்தது.

கடைசியாக ஊர் திரும்பி ஒரு வங்கியில் சேர்ந்தேன். மூடவே முடியாத இடம் என்று நம்பித்தான் சேர்ந்தேன். கழுத்தில் நீலப் பட்டுத் துணி கட்டிக்கொண்டு பதின்மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேன். 2008 அக்டோபரில் ஒரே வாரத்தில் நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் விழுந்தன. எங்களுடையதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வாரத்தில்தான் ஊர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது.

"ஓட்னி, அடுத்து எங்க சேரப்போறன்னு முன்னாடியே சொல்லிடு," என்றான் ஃப்ரோஸ்தி. வெந்நீர்த் தொட்டியில் எனக்கு எதிரே பல வருஷமாக உட்காரும் பழைய மீனவன். "நாங்களும் தயாரா இருக்கணும்ல."

"உன் வீட்டுல சமைக்க ஆள் வேணும்னு கேள்விப்பட்டேன்."

"ஐயோ வேணாம்மா. என் பொண்டாட்டி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

இப்படியே இரண்டு வருஷம் போனது. அப்புறம் ஸ்வாவா வந்தாள். முப்பத்தொன்பது வயது, தனி ஆள். சேர்த்துவைத்த அத்தனையையும் போட்டு எங்கள் ஊர்ப் பழைய டெலிபோன் நிலையத்தை வாங்கி, சுற்றுலாப் பயணிகளுக்கு ஒன்பது அறைகளில் ஒரு விடுதி கட்ட ஆரம்பித்தாள். ஏன் இந்த ஊர், ஏன் அந்தக் கட்டிடம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் சுவருக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"படுக்கை விரிக்கிறேன், ரொட்டி சுடுறேன். என்னையும் சேத்துக்கோ."

"வேணாம்மா."

"ராசியா? நீயுமா ஊரோட சேந்துக்கிட்ட?"

அவள் தூரிகையை நிறுத்தவில்லை. "அப்படியே வெச்சுக்கோயேன்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தால் மேஜையில் டெலிபோன் புத்தகக்காரர்களின் படிவம் கிடந்தது. நாட்டுக்கே ஒரே புத்தகம்; அதில் எல்லோருக்கும் முதல் பெயர்ப்படிதான் வரிசை. ஓட்னிகள் நிறையப் பேர் இருக்கிறோம் என்பதால், பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் போடுவார்கள். நாம் எழுதிக் கொடுப்பதுதான், சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஃப்ரோஸ்தி ஒரு வருஷம் தன்னைத் திமிங்கில வைத்தியர் என்று போட்டுக்கொண்டான். நான் இரண்டு வருஷமாக இல்லாத வங்கியின் ஊழியராகவே இருந்தேன். கோபத்தில் பேனாவை எடுத்தேன். 'விடுதி நிர்வாகி' என்று எழுதினேன். முகவரிக்கு ஸ்வாவாவின் விடுதியைப் போட்டேன். புத்தகம் மே மாதம்தான் வரும். அதற்குள் அவள் மனம் இறங்கிவிடும், எழுதியதும் உண்மையாகிவிடும் என்று ஒரு கணக்கு. வெறும் கோபம் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஆசையும்தான்.

மே வந்தது. அவள் மனம் இறங்கவில்லை. புத்தகம் வந்துவிட்டது.

"நிர்வாகி ஆயிட்டியாமே," என்றான் ஃப்ரோஸ்தி, தொட்டியில் இறங்கும்போதே. "பாவம், அந்தப் பொண்ணு இன்னும் திறக்கவே இல்லையே."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் வரவேற்பறைப் பக்கம் சத்தம் கேட்டது. ஸ்வாவாவின் குரல். கோபமாக உள்ளே நுழைய வந்திருக்கிறாள். ஆனால் சோப்புப் போட்டுத் தலையோடு குளிக்காமல் பிரதமரே வந்தாலும் எங்கள் குளத்துக்காரி உள்ளே விடமாட்டாள். அதனால் சண்டைக்கு வந்தவள் முதலில் குளித்தாள். பத்து நிமிஷம் கழித்து, வாடகைக்கு எடுத்த தொளதொளவென்ற ஆரஞ்சு நீச்சலுடையில், தலை சொட்டச் சொட்ட, டெலிபோன் புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தொட்டிக்குள் இறங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திடீரென்று மலையைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"இது என்னம்மா?"

"டெலிபோன் புத்தகம்."

"தெரியும். எட்டு வயசுலேருந்து எனக்கு இதைப் படிக்கத் தெரியும்." குரல் உயரவில்லை; உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "வருஷா வருஷம் புக் வந்ததும் அப்பா வீட்டுல நான்தான் முதல்ல பிரிப்பேன். ஓ எழுத்துக்குப் போவேன், நீ எங்க இருக்கேன்னு பாக்க. ஒரு வருஷம் கப்பல் சமையற்காரின்னு இருக்கும். அடுத்த வருஷம் பஸ் டிரைவர், வேற ஊரு. அப்புறம் நரி வளர்ப்பவர். அம்மா நரியோட எல்லாம் இருக்கா, என்னோட மட்டும் ஏன் இல்லன்னு அப்பாகிட்ட கேட்டேன். அவர் எந்திரிச்சு வெளிய போயிட்டார்."

ஃப்ரோஸ்தி மூக்குவரை தண்ணீருக்குள் போனான்.

"நான் லெட்டர் போட்டேனே," என்றேன்.

"போட்ட. லெட்டர்ல சீக்கிரம் வரேன்னு இருக்கும். புக்குலதான் உண்மை இருக்கும்."

புத்தகத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ வந்து சேந்தா விடுதி மூடிரும்னா பயப்படுறேன்? மூடினா மூடிட்டுப் போகட்டும். நீ கிளம்பிருவ. எனக்கு அதுதான் பயம். இந்த வருஷம் படுக்கை விரிப்ப. அடுத்த வருஷம் நான் புக்கைப் பிரிச்சா, வேற ஏதோ ஊருல ஒட்டகம் மேய்க்கிறவள்னு இருக்கும்."

ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கை வலித்திருக்க வேண்டும். புத்தகத்தின் ஒரு மூலை தண்ணீரில் நனைந்தது. முப்பத்திரண்டு வருஷமாக ஒரு பதிலை நான் உள்ளே அழகாகத் தயார் செய்து வைத்திருந்தேன், கிஸ்லி, சம்பளம், குளிர்காலத்துச் சாலை எல்லாம் சேர்த்து. அதில் ஒரு வரிகூட எடுக்கவில்லை.

"வந்து கூட்டிட்டுப் போயிருக்கணும்," என்றேன். "நிலைகொண்டதும், நிலைகொண்டதும்னு சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். நிலைகொள்ளாமலே வந்திருக்கலாம். நரியோட நரியா உன்னையும் வளத்திருக்கலாம். தப்பு என்னுதுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இந்த்ரிதியின் கண்கள், ஆனால் என் பிடிவாதம்.

"உன் பேரைப் பாத்துட்டு எஸ் எழுத்துக்குப் போனேன்," என்றாள். "என் பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸ் போட்டிருக்கு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்ப ஒவ்வொரு வருஷமும் அதைத்தான் தேடினேன். இப்ப இருக்கு. ஆனா அது பொய்."

"பொய்தான்."

"ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

"முடியாது. நாடு முழுக்க போயிருச்சு."

"அப்ப நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்து சேரு. பதினெட்டு மெத்தை மாடிக்கு ஏத்தணும்." படியேறினாள். பாதியில் திரும்பினாள். "நிர்வாகியாம், நிர்வாகி."

"எனக்கும் ஒரு வேலை இருந்தா..." என்று ஃப்ரோஸ்தி தண்ணீரிலிருந்து வாயை வெளியே எடுத்தான்.

"ஃப்ரோஸ்தி மாமா, நீங்க மலையைப் பாருங்க."

மெத்தை ஏற்றினேன். நான்காவது மெத்தையில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, வெளியே சொல்லவில்லை. விடுதி திறந்த வாரத்தில் தெற்கே எரிமலை ஒன்று வெடித்து, சாம்பல் பறந்து, நாட்டின் விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பாட்டுக்கு ரொட்டி சுட்டேன். முதல் விருந்தாளிகளாக வந்திருந்த ஜெர்மானியத் தம்பதி ஊர் திரும்ப முடியாமல் இன்னும் நான்கு நாள் எங்களோடு தங்கினார்கள். எரிமலையை ஏற்பாடு செய்தது நான்தான் என்று ஸ்வாவா அவர்களிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

அடுத்த பிப்ரவரியில் படிவம் வந்தபோது ஸ்வாவா அதை என் கண்ணிலேயே காட்டவில்லை. அவளே நிரப்பி அனுப்பிவிட்டாள். ஊரார் போலவே நானும் மே மாதம் புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். 'ஓட்னி, விடுதிப் பணியாளர், சோதனைக் காலம்.'

"அறுபத்திநாலு வயசுல சோதனைக் காலமா?" என்று ஃப்ரோஸ்தி சிரித்ததில் தொட்டித் தண்ணீர் பாதி வெளியே போயிற்று. நாடு முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் என் மானம் போனது. ஸ்வாவாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "அது முடியறப்ப நான் சொல்றேன்," என்றாள்.

இது நான்காவது புத்தகம். சோதனைக் காலம் இன்னும் முடியவில்லை. முகவரியும் மாறவில்லை. மே மாதம் கட்டு வந்து இறங்கியதும் ஸ்வாவா முகப்பு மேஜையில் நின்றபடியே முதலில் ஓ எழுத்தைத்தான் பிரிக்கிறாள். அவளே எழுதி, அவளே தபாலில் போட்டதுதான். ஆனாலும் விரலை வைத்துக் கீழே இறக்கி, என் பெயர் வரும்வரை தேடுகிறாள். நான் பார்க்காததுபோல் தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருப்பேன்.