கல்குருவி முட்டை இரண்டு

“படம்?” என்று மட்டும் கேட்டிருந்தார் பல் டாக்டர். கோடை தொடங்கியதிலிருந்து எங்கள் ஊர்ப் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் எதைப் பதிவிட்டாலும் இந்த ஒற்றைச் சொல்தான் வந்து விழும். குழுவை நடத்துபவர் அவர். முழங்கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார். மற்றவர்கள் குயில் என்றாலே கைதட்டுவார். ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற நான், அரிதாகத் தென்படும் கல்குருவி என்றால் நம்ப மாட்டார். “டேங்க் அக்கா எங்கயும் திரியற ஆட்காட்டிக் குருவியத்தான் பாத்திருப்பாங்க” என்று எழுதி, சிரிக்கும் பொம்மை நான்கு போட்டார். கூடவே பதினோரு பேர் சிரித்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொட்டிக்குப் பின்னால், வெறும் சரளையில், கல்லோடு கல்லாக இரண்டு முட்டைகள். பத்து நாளாகப் பார்க்கிறேன். வெயில் ஏறிவிட்டால் தாய் அவற்றின் மேல் நின்று சிறகை விரித்து நிழல் கொடுக்கும். கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் சொல்லக் கூடாது என்பது விதி. நானும் சொல்லவில்லை. படத்தை மட்டும் போட்டு, “இந்தாங்க, கண்ணு தெரியுதா?” என்று எழுதினேன். இருந்த ஆத்திரத்தில், பறவைக்குப் பின்னால் தொட்டித் தூணும் அதில் பெயிண்டால் எழுதிய தொட்டி எண்ணும் பளிச்சென்று விழுந்திருந்ததை நான் பார்க்கவேயில்லை.

அன்று மத்தியானம் ஒன்றரை மணிக்குள் மூன்று கார்கள் வந்துவிட்டன. மோட்டாரை நிறுத்திவிட்டு ஓடினால், டாக்டர் சரளையில் குப்புறப் படுத்திருந்தார். பறவை முட்டையை விட்டுப் போயிருந்தது.

“வெளிய போங்க சார். முட்டை வெந்துடும்.”

“அஞ்சு நிமிஷம்மா. அது வந்து நிக்கட்டும், ஒரு படம் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“நீங்க இங்க கெடந்தா அது எப்படி வரும்? எந்திரிங்க!”

“எடத்தக் காட்டினதே நீங்கதான?”

அறையலாம் போலிருந்தது. ஆனால் அந்த ஆள் சொன்னது உண்மை. வால்வு திருகும் இரும்புக் கம்பியை ஓங்கிய பிறகுதான் எழுந்தார். “குழுவுலேருந்து உங்களத் தூக்கறேன்” என்று சட்டையைத் தட்டிக்கொண்டு போனார். எல்லோரையும் வெளியே தள்ளிக் கேட்டைப் பூட்டினேன். போகவில்லை, கம்பி இடுக்கில் லென்ஸை நுழைத்துக்கொண்டு நின்றார்கள்.

முட்டைகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று என் நிழலை அவற்றின் மேல் போட்டேன். ஐம்பதடி தள்ளி, வாயைத் திறந்து இரைத்துக்கொண்டு தாய் நின்றது. நான் விலகினால் வெயில். நின்றால் அது வராது.

“கொஞ்சம் நகருங்கக்கா, மறைக்குது” என்றார் கேட்டிலிருந்து ஒருவர்.

தாய் வருமா என்று பார்க்க ஓர் அடி பின்னால் வைத்தேன். ஒரு முட்டை வெயிலுக்கு வந்தது. குருவி அசையவில்லை.