தள்ளாமல் ஏறிய ஜீப்

தேவஇரக்கம் மாமாவுக்கு டிரைவர் என்றாலே ஆகாது. யுத்த காலம் முழுக்க வத்திராயிருப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் போய்வந்தவர். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். "டிக்கெட்டும் எடுத்து வண்டியையும் தள்ளுனவன்லே நான். வண்டிக்காரனுக்கு எம்மவ ஞானபாக்கியத்தக் குடுப்பனா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

பர்மாவில் பட்டாளத்து ஜீப் ஓட்டியவன் நான். ரோஷம் வராதா? ராஜபாளையத்தில் எங்கள் மில் முதலாளி ஏலத்தில் எடுத்த ஜீப் என் கையில்தான் இருந்தது. அவரிடம் கெஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கினேன். "காட்டுக்குள்ள ஒங்க மாந்தோப்பு வரைக்கும் கூட்டிட்டுப் போறேன் மாமா. நாலு சக்கரமும் இழுக்கும். பாத்துட்டுப் பொறவு சொல்லுங்க" என்றேன். மாமா, பரிபூரணம் அத்தை, ரசச்சட்டியோடு ஞானபாக்கியம், மூவரும் ஏறினார்கள்.

காட்டுக்குள் முதல் மேட்டில் கியர் மாற்ற வேகத்தைக் குறைத்தேன். அவ்வளவுதான், பழக்கதோஷம், மாமாவும் அத்தையும் குதித்துப் பின்னால் ஓடிவிட்டார்கள். ரசம் சிந்திவிடுமே என்று ஞானபாக்கியம் மட்டும் இறங்கவில்லை. அவர்கள் கைவைக்குமுன் ஜீப் உச்சிக்குப் போய்விட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வெகு கீழே இரண்டு தலைகள்.

மூச்சிரைக்க ஏறிவந்த மாமாவின் முகம் கறுத்திருந்தது. "ஆன நடமாடுத காட்டுல ஆள விட்டுட்டு ஓடுத வண்டியால இது?"

"பொண்ண மட்டும் ஏத்திட்டுல்லா போயிட்டான்" என்றாள் அத்தை. கல்யாணம் கைநழுவுவது எனக்கே தெரிந்தது.

அடுத்த மேடு இன்னும் செங்குத்து. எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல் இருவரும் மறுபடி இறங்கினார்கள். ஞானபாக்கியம் மெதுவாகச் சொன்னாள்: "அத்தான், பாதியில எஞ்சின அமத்துங்க."

"எதுக்கு? இது ஏறும்."

"ஏறும், தெரியும். ஆனா அப்பா ஏத்தணும்."

 மனசில்லாமல் பாதி மேட்டில் எஞ்சினை அணைத்தேன். ஜீப் நின்றதும் மாமாவின் குரலே மாறிவிட்டது. "ஏலே கிறிஸ்துராஜ், பயப்படாத. நாங்க இருக்கோம்லா." எஞ்சினை எழுப்பி, அவர் கை விலகாதபடி, நாலு சக்கரத்தையும் அடக்கி அடக்கி மேலே கொண்டுபோனேன். பர்மா மலையில்கூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

உச்சியில் மாமா துண்டால் முகத்தைத் துடைத்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "வார ஞாயித்துக்கிழம கோயில்ல பாதிரியார ஒங்க கல்யாண ஓலைய எல்லார் முன்னயும் வாசிக்கச் சொல்லிருதேன் மாப்பிள்ள. நான் இல்லாட்டி எம்புட்டுத் திண்டாடியிருப்ப, சொல்லு."

"தோப்பையே பாத்திருக்க மாட்டோம் மாமா" என்றேன்.

 வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த மேட்டைத் தேடி அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.